‘இங்ஙனம்’ என்னும் சொல்

மடலோ விண்ணப்பமோ எழுதி முடித்தபின், கையொப்பத்துக்கு மேலே ஒரு சொல் எழுதுகிறோம். அச்சொல்லின் பொருளை மாணவர் அறிந்துதான் எழுதுகின்றனரா?

ஆங்கில மடலின் இறுதியில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என வரும். இதிலுள்ள ‘ஃபெய்த்’, நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஃபிடெஸ்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ஈற்றிலுள்ள ‘லி’ ஆங்கிலத்தின் சொந்த உறுப்பு. பழைய ஆங்கிலத்தில் உடல், உரு எனப் பொருள்பட்ட ‘லிக்’ என்னும் சொல்லே தேய்ந்து வினையடை விகுதியாயிற்று. நம் ‘இப்படிக்கு’ என்னும் சொல்லிலுள்ள ‘படி’க்கும் உரு, முறைமை என்னும் பொருள்கள் உள. உறவில்லா இரு மொழிகளிடையே இவ்வொற்றுமை வியத்தற்குரியது.

‘இங்ஙனம்’ இலக்கணச் சிறப்பும் உடையது. தொல்காப்பியம் ஙகரத்தை மொழிமுதல் எழுத்தாகக் கொள்ளவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலோ, அ, இ, உ என்னும் சுட்டுகளையும் எ, யா என்னும் வினாக்களையும் அடுத்து ‘ஙனம்’ வருதல் கண்டு, ஙகரத்துக்கும் அவ்விடம் அளித்தது. இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்த ‘எங்ஙனம்’, திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தின் முதற்குறளிலேயே ஆளப்பட்டுள்ளது.

மடலின் ஈற்றில் நிற்கும் ‘இங்ஙனம்’, ‘இவ்வாறு கூறுபவர் இன்னார்’ என்னும் பொருள் தந்து, மேலே சொன்ன அனைத்தையும் எழுதியவர் பெயரோடு பிணைக்கின்றது. ஆங்கிலச் சொல் எழுதியவரின் பற்றுறுதியைக் கூறும். தமிழ்ச் சொல் எழுதியதற்கு அவரைப் பொறுப்பாக்கும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் ஆங்கிலத்தை அடியொற்றி அமைந்ததே ‘தங்கள் உண்மையுள்ள’ என்னும் வழக்கு. அதில் வினையடை பெயரடையாயிற்று, பற்றுறுதி ‘உண்மை’யாயிற்று.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. எனினும், உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு இங்குத் தமிழ்வழிப் பள்ளிகள் முடிவுற்றன. இன்று பொங்கோல் புதுநகரில் பயிலும் தமிழ்ச் சிறுவன் ஏனைய பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்கின்றான். மடல் என்றவுடன் ஆங்கில மடலே அவன் கருத்தில் முந்தி நிற்றல் இயல்பு. அவனைக் குறைகூறிப் பயனில்லை.

ஆசிரியர்கள் கடித வடிவத்தை மனப்பாடமாகக் கற்பிப்பதோடு அமையாது, ‘இங்ஙனம்’ என்பதன் பொருளையும் விளக்குதல் வேண்டும். ‘மேலே எழுதியவை யாவும் என் சொற்களே’ என்று உணர்ந்து கையொப்பமிடும் மாணவன், எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்பான். மொழிப்பாடம் தரும் பெரும்பயன் அதுவேயாகும்.