தரப்படுத்தலும் கணிதப் புள்ளியும்

1971ஆம் ஆண்டு பேராதனைப் பொறியியற் பீடம் புகத் தமிழ் மாணவர் 400க்கு 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்கள மாணவருக்கு 227 போதியதாயிற்று. 1973இல் இவ்வேறுபாடு தரப்படுத்தல் என்னும் புள்ளிவிபரவியற் போர்வை பெற்றது. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளும் ஒரே இடைக்கும் நியமவிலகலுக்கும் இசைய மாற்றப்பட்டன. இரு குழுவினரும் சமதிறனுடையோர், இடைகள் வேறுபடின் அது புள்ளியிடலின் பிழையே என்பது இம்முறையின் எடுகோள். தூய கணித வினாவுக்கு விடை எம்மொழியிலும் ஒன்றன்றோ! யாழ்ப்பாணக் கல்லூரிகள் நெடுங்காலம் வளர்த்த விஞ்ஞானக் கல்வியின் பயன் அச்சூத்திரத்தினுள் கரைந்தது.

1974இல் சேர்ந்த மாவட்டப் பங்கீடு யாழ்ப்பாணத்தை மேலும் தாக்கியது. பின்தங்கிய தமிழ் மாவட்டங்கள் சில அதனால் நன்மையுற்றதையும் மறைத்தலாகாது. 1977இல் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. 2001இல் புகுந்த இசட் புள்ளியும் இடையைக் கழித்து நியமவிலகலால் வகுப்பதே. ஆயின் அது ஈடுசெய்ய முயல்வது பாடங்களின் கடின வேறுபாட்டை, மாணவரின் மொழியை அன்று.