பொறியும் வண்ணக்கனும்: தென்னக நாணயக் குறிகளின் பயன்பாடு

தமிழக நாணய ஆய்வில் எழுத்துப் பொறித்த காசுகளே முதன்மை பெற்று வந்துள்ளன. பெருவழுதி, மாக்கோதை, குட்டுவன்கோதை முதலிய பெயர்கள் காசுகளில் படிக்கப்பட்டபோது, சங்க இலக்கிய மன்னர்களின் வரலாற்றுத் தன்மைக்கு வலுவான சான்று கிடைத்தது. அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், பெயரைத் தேடும் ஆர்வத்தில் காசின் ஏனைய கூறுகள் வெறும் அணிகளாக ஒதுக்கப்பட்டுவிட்டன. அவை ஒவ்வொன்றும் ஒரு பணியை நிறைவேற்றவே அமைந்தவை என்பதை இக்கட்டுரை ஒரு மலைவழியின் துணைகொண்டு விளக்க முற்படுகிறது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலை வட்டத்தில் உள்ள சாந்தன்பாறையிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகக் கிழக்கே இறங்கினால் போடிநாயக்கனூரை அடையலாம். பாண்டிய நாட்டுச் சமவெளியும் சேரநாட்டு மலையும் சந்திக்கும் எல்லை இது. இம்மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரில் முத்திரை குத்தப்பட்ட வெள்ளிக் காசுகளின் பெரும் புதையல் ஒன்று கிடைத்தது. வடநாட்டு முத்திரைக் காசுகளை ஒத்த குறிகள் முன்புறத்தில் உள்ளன. பின்புறத்திலோ கோட்டுருவமாக அமைந்த மீன் சின்னம் காணப்படுகிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆயினும் அக்காசு தன்னைத் தெளிவாகவே அறிமுகம் செய்துகொள்கிறது. முன்புறக் குறிகள் பல நாட்டு வணிகரும் பழகியவை. எனவே அயலார்க்கு ஐயம் எழாது. பின்புற மீனோ இவ்வெள்ளிக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதைச் சொல்கிறது. பின்னாளில் பெருவழுதி பெயர் பொறித்த செப்புக் காசின் பின்புறத்திலும் இதே கோட்டுருவ மீன் தொடர்கிறது. முன்புறத்தில் குதிரையும் பெயரும் புதிதாக இடம்பெற்றபோதும், மக்கள் பழகிய சின்னம் மாற்றப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இக்குறிகளைப் படித்தவர் யார் என்னும் வினாவுக்குச் சங்க இலக்கியமே விடை தருகிறது. வடமவண்ணக்கன் தாமோதரனார், வண்ணக்கன் சொருமருங்குமரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனப் புலவர் சிலர் தொழிற்பெயரோடு வழங்கப்படுகின்றனர். வண்ணக்கன் என்பதற்குப் பொன், காசு ஆகியவற்றின் தரத்தை ஆராய்பவன் என அறிஞர் பொருள் கொண்டுள்ளனர். காசின் தரத்தை ஆராய்வதற்கெனவே ஒரு தொழில் இருந்ததெனில், காசின் மேலுள்ள ஒவ்வொரு கோடும் அவர் கண்ணுக்காகவே இடப்பட்டது எனக் கருத இடமுண்டு. திருச்சூர்ப் பகுதியின் எய்யால் புதையலில் உரோமப் பொன், வெள்ளிக் காசுகளோடு முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. இத்தகைய கலப்பில் வண்ணக்கனின் உழைப்பு சிறிதாக இருந்திருக்க முடியாது.

மேற்கே சேரர் மேற்கொண்ட வழி வேறு. கரூரில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக் காசில் ஒரு தலையுருவும் அதைச் சூழ்ந்து தமிழி எழுத்தில் பெயரும் உள்ளன. பின்புறம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் தென்னகத்தில் மிகுதியாகப் புழங்கியமையால், அவற்றின் சாயலில் இது அமைந்தது என்பர். இதை வெறும் போலச்செய்தல் என்று கொள்வது பொருந்தாது. கடல்வணிகத்தில் மதிப்புப் பெற்றிருந்தது தலையுருக் காசு. அம்மதிப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சேரன் எடுத்த முயற்சி இது. உள்நாட்டுப் புழக்கத்திற்கான செப்புக் காசில் அவன் யானையையும் வில்லம்பையுமே பொறித்தான். 2007 முதல் நடைபெற்ற பட்டணம் அகழாய்விலும் இவ்வகைச் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. யாரிடம் செல்லவேண்டுமோ அவருக்கேற்ற முகத்தைக் காசு அணிந்துகொண்டது.

அடித்தவர் இட்ட குறி மட்டுமன்றிப் பெற்றவர் இட்ட குறியும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மேல் உளியால் வெட்டப்பட்ட தழும்பு உள்ளது. அயல் அரசனின் உருவத்தை மறுக்கும் செயல் என்று சிலரும், புழக்கத்திலிருந்து நீக்கும் அடையாளம் என்று சிலரும் விளக்குவர். உட்புற உலோகத்தைச் சோதிக்கும் வெட்டு என்றால் எந்த இடமும் போதும். தலையையே தேர்ந்து வெட்ட வேண்டியதில்லை. ஆதலின் பின்னைய விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. காசாக அதற்கிருந்த உறுதிமொழி அங்கே முறிக்கப்பட்டு, அது வெறும் பொன்னாகிறது.

மீண்டும் மலைக்கு வருவோம். 1949 வரை சாந்தன்பாறைப் பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அவ்வரசின் வெள்ளிச் சக்கரம் அரைக் கிராமுக்கும் குறைந்த எடையுடையது. இருபத்தெட்டரைச் சக்கரம் ஓர் ஆங்கில ரூபாய்க்கு ஈடு. விரலில் பிடிக்கவும் அரிதான இக்காசை எண்ணச் சக்கரப்பலகை என்னும் குழிகள் கொண்ட மரப்பலகை பயன்பட்டது. கைப்பிடிக் காசைப் பரப்பிக் குலுக்கினால் குழிக்கொன்றாக அமர்ந்துவிடும். இங்கே காசின் வடிவமைப்பு என்பது அதன்மேல் பொறித்த குறியோடு முடிவதில்லை. அதன் விட்டமும் பலகையின் குழியும் ஒன்றையொன்று நோக்கி அமைந்தவை.

இவ்வாறு படிப்பதற்குக் காசு கிடைத்த இடமும் உடன் கிடைத்த பொருள்களும் தெரிய வேண்டும். எழுத்தில்லாத காசுகள் கிடைத்த இடம் பதிவு செய்யப்படாமலே கைமாறிச் சிதறுகின்றன. போடிநாயக்கனூர் என்னும் ஊர்ப்பெயர் மட்டும் இழக்கப்பட்டிருந்தால், அம்மீனைப் பாண்டியரோடு இணைப்பதற்குரிய வலுவான சான்று நம் கையில் இருந்திராது.