பூதத்தின் அளவும் கணக்கப்பிள்ளையும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் அச்சாகி வெளிவந்தது. குள்ளரும் பூதரும் டிராகனும் ஒரே களத்தில் மோதும் ஆட்டத்தில், எந்த உயிர் எவ்வளவு பெரியது என்ற கேள்வி எழாமல் இருக்காது. இன்று ஆட்டக்காரர்கள் கதாபாத்திரத்தை உருவாக்கப் பயன்படுத்தும் மென்பொருள்களில் அதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது: டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ், கார்கான்சுவன். பார்த்தவுடன் இது உடலை அளக்கும் பட்டியல் என்றுதான் தோன்றும். ஐம்பது ஆண்டு விதிப் புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அளவு வகை என்பது உடலை அளக்கப் பிறந்ததல்ல. விதிகளின் எந்த வரிசையைப் படிக்க வேண்டும் என்று காட்டப் பிறந்த குறி. வகைகள் கூடியதும் குறைந்ததும் கற்பனை உயிர்கள் வளர்ந்ததாலோ சுருங்கியதாலோ அல்ல. ஆட்டத்தின் கணக்கை யார், எந்த நேரத்தில் போடுவது என்பது மாறியதால்தான்.

இந்த ஆட்டத்தின் தாய் ஒரு போர் விளையாட்டு. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட செயின்மெயில், இடைக்காலப் படைகளை ஈயப் பொம்மைகளால் நடத்திப் பார்ப்பதற்கான விதிநூல். அதில் ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறிக்கும். நூலின் கடைசியில் சேர்த்த கற்பனைப் பகுதியில் பூதமும் டிராகனும் வந்தபோது, அவற்றின் உயரம் யாருக்கும் தேவைப்படவில்லை. எத்தனை ஆளுக்குச் சமமாகச் சண்டையிடும் என்ற எண் போதுமானதாக இருந்தது. ஒரு வீரநாயகன் நான்கு ஆட்களுக்குச் சமம் என்று அது சொன்னது. பருமனும் வலிமையும் வீரமும் அந்த ஒரே எண்ணில் அடங்கிவிட்டன. கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய 1974 ஆட்டத்திலும் எல்லா ஆயுதமும் ஒரே ஆறுமுகப் பகடையில் காயம் செய்ததால், எதிரியின் அளவு அங்கே எதையும் மாற்றவில்லை. 1975-இல் கிரேஹாக் என்ற துணைநூல் வந்தபோதுதான் அளவுக்கு முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது. ஆயுதப் பட்டியலில் மனித அளவு எதிரிக்கு ஒரு பத்தி, அதைவிடப் பெரிய எதிரிக்கு இன்னொரு பத்தி. 1977-இன் மான்ஸ்டர் மேனுவல் ஒவ்வொரு உயிருக்கும் எஸ், எம், எல் என்ற எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்ததும் இந்தப் பத்திகளுக்காகத்தான். மறுஆண்டு வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் நீள்வாள் சிறிய, மனித அளவு எதிரிக்கு 1 முதல் 8 வரை காயம் செய்யும். பெரிய எதிரிக்கு 1 முதல் 12 வரை. குத்துவாளோ பெரிய எதிரியிடம் 4-லிருந்து 3-க்கு இறங்கிவிடும். எல் என்ற எழுத்துக்கு நடைமுறைப் பொருள் ‘வலப் பத்தியைப் பார்’ என்பதே. ஒன்பதடி ஓகரும் மலைபோன்ற டிராகனும் அந்த ஒரே எழுத்துக்குள் இருந்தன. ஆடியவர்களுக்கு அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் இருவருக்கும் படிக்க வேண்டிய பத்தி ஒன்றுதான்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு 1978-இலேயே சான்று உண்டு. அந்த ஆண்டு கேயாசியம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட், வலிமை, உடல்திடம் போல அளவையும் ஒரு குணமாக வைத்து, கதாபாத்திரத்துக்குப் பகடை உருட்டி எண்ணாகக் கொடுத்தது. வலிமையும் அளவும் சேர்ந்து அடியின் கூடுதல் காயத்தைத் தீர்மானித்தன. பூதத்துக்கும் அதே குணம்தான், எண் மட்டும் பெரியது. வகையும் பெயரும் தேவைப்படவில்லை. பிற்காலத்தில், கர்ப்ஸ் என்ற ஆட்டத்தின் 2004 நான்காம் பதிப்பு இரண்டு கஜ உயர மனிதனைச் சுழியமாகக் கொண்டு, மூன்று கஜம் என்றால் 1, ஐந்து கஜம் என்றால் 2 என்று மடங்கு ஏணியாக அளவை எண்ணிட்டது. கணக்கின் பார்வையில் இவையே ஒழுங்கானவை. ஆனாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெயர்களையே பிடித்துக்கொண்டது. 1989-இன் இரண்டாம் பதிப்பு மூன்று எழுத்தை ஆறாக்கியது: இரண்டு அடிவரை டைனி, நான்குவரை ஸ்மால், ஏழுவரை மனித அளவு, பன்னிரண்டுவரை லார்ஜ், இருபத்தைந்துவரை ஹியூஜ், அதற்கு மேல் கார்கான்சுவன். சண்டையில் யார் முந்துவது என்பதைத் தீர்மானிக்கும் விருப்ப விதியில் பெரிய உயிர் தாமதமாகும் என்று ஒரு கூட்டல் வைத்தார்கள்: லார்ஜுக்கு 6, ஹியூஜுக்கு 9, கார்கான்சுவனுக்கு 12. மற்றபடி பழைய இரண்டு பத்திகளே நீடித்தன. பெயர்கள் கூடின, வேலை அதிகம் கூடவில்லை.

உண்மையான திருப்பம் 2000-இல் வந்தது. அதுவரை ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், ஜொனாதன் ட்வீட், மாண்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோரைக் கொண்டு மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. உதிரி விதிகளையெல்லாம் ஒரே இயந்திரத்தில் பூட்டுவதே அவர்களது நோக்கம். அந்த இயந்திரத்தின் முக்கியப் பல்சக்கரங்களில் ஒன்று அளவு. ஃபைன், டிமினியூட்டிவ், டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ், கார்கான்சுவன், கொலோசல் என்று ஒன்பது படிகள். மீடியம் நான்கு முதல் எட்டு அடி, லார்ஜ் எட்டு முதல் பதினாறு, ஹியூஜ் பதினாறு முதல் முப்பத்திரண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டு எண்கள். தாக்குதலிலும் தற்காப்பிலும் ஃபைனுக்கு 8 கூடும், கொலோசலுக்கு 8 குறையும், நடுவில் 4, 2, 1 என்று மடங்காக இறங்கி ஏறும். மல்லுக்கட்டில் அதே படிகள் நான்கு நான்காக, ஆனால் எதிர்த்திசையில். ஒளிந்துகொள்வதில் மறுபடி நான்கு நான்காக, பெரியவருக்குப் பாதகமாக. சுமையில் லார்ஜ் இரு மடங்கு, ஹியூஜ் நான்கு, ஸ்மாலுக்கு முக்கால். நாலுகால் உயிருக்கு வேறு பெருக்கம். இவற்றோடு நிற்கும் இடம், எட்டும் தூரம், ஆயுதக் காயம் ஆகியவையும் அளவோடு மாறின. பழைய இரண்டு பத்திகள் ஒழிந்தன. அவற்றின் இடத்தில் ஏழெட்டு அட்டவணைகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

இதை இயற்கைக்கு நெருங்கி வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் நல்ல சான்றும் இருக்கிறது. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும் என்ற கணக்கை விதிநூல் உண்மையிலேயே பின்பற்றுகிறது: ஸ்மால் 8 முதல் 60 பவுண்டு, மீடியம் 60 முதல் 500, லார்ஜ் 500 முதல் 4,000. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் எலும்பைப் பற்றிச் சொன்ன அதே உறவு. ஆனால் உயரமும் எடையும் மட்டுமே அந்த உறவுக்குக் கட்டுப்பட்டவை; ஆட்டம் நடக்கும்போது யாரும் தொடாத எண்கள் அவை. தொடுகிற எண்களோ ஒன்றுக்கொன்று ஒவ்வாத வளைவுகளில் போகின்றன: தாக்குதல் மடங்கில், மல்லுக்கட்டு சம இடைவெளியில், சுமை இரட்டிப்பில். எடை எட்டு மடங்காகும் உடல் ஒரே சீரான இயற்கை விதியில் நடக்கிறது என்றால் இந்த மூன்றும் மூன்று விதமாக இருக்கக் காரணமில்லை. அவை ஆட்டத்தின் சமநிலைக்காகத் தேர்ந்த எண்கள். அதில் தவறும் இல்லை. இயற்கையின் பெயரை அவற்றுக்குச் சூட்டுவதுதான் பொருந்தவில்லை.

இத்தனை கணக்கையும் போட ஒரு கணக்கப்பிள்ளை வேண்டியிருந்தது, வந்தது மென்பொருள். இரண்டாம் பதிப்புக்கே 1996-இல் டிஎஸ்ஆர் கோர் ரூல்ஸ் என்ற குறுந்தகடு வெளியிட்டிருந்தது. மூன்றாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோடு ஒரு கதாபாத்திர உருவாக்கியின் மாதிரி வட்டே வந்தது. பதிப்பாளரும் இப்படி ஒரு துணை வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தார் என்பதற்கு அது போதும். அதைவிடப் பயன் தரும் சான்று பிசிஜென். விதிகளின் பெரும்பகுதி 2000-இல் திறந்த உரிமத்தில் வெளிவந்ததும் ஆர்வலர்கள் ஜாவாவில் எழுதத் தொடங்கிய திறந்த மூல நிரல் இது. அதன் விதிகள் நிரலுக்குள் புதையாமல், எவரும் திறந்து படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்புகளில் இருக்கின்றன. அளவுக்கென்று தனிக் கோப்பு. ஒரு வரிக்கு ஓர் அளவு. இயல்பு அளவு எது என்று ஒரு வரியில் குறி. அந்தந்த அளவு தரும் கூட்டல் கழித்தல்கள் அதே வரியில். சுமைப் பெருக்கமோ இன்னொரு கோப்பில். இனம் அடிப்படை அளவைத் தரும். மந்திரமோ வேறு காரணமோ அதை ஒரு படி ஏற்றும் அல்லது இறக்கும். வேறொரு ஆட்டத்துக்கு இதே நிரலைப் பயன்படுத்த நினைப்பவர் இந்தக் கோப்புகளைத் தன் ஆட்டத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். விதிநூலில் முந்நூறு பக்கங்களில் சிதறியிருந்தவை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அப்படி நின்றபோது, ‘அளவு’ என்று ஒரே பொருளாகத் தெரிந்தது, ஒரே பெயரில் கட்டிய தனித்தனி விதிகளின் மூட்டை என்பது மறைக்க முடியாததாயிற்று.

மூட்டை அவிழும் இடங்கள் சுவையானவை. 2004-இல் வந்த துணைநூல்களில் ஹாஃப்-ஜயண்ட், கோலாயத் என்ற இனங்கள் இடம்பெற்றன. இவை மீடியம்தான், ஆனால் மல்லுக்கட்டு போன்றவற்றில், சாதகமான இடங்களில் மட்டும், லார்ஜாகக் கணக்கிடப்படும், லார்ஜுக்குரிய ஆயுதத்தையும் தூக்கலாம். நிற்கும் இடமும் எட்டும் தூரமும் மீடியமே. காகிதத்தில் இது ஒரு பத்தி. நிரலுக்கோ ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரே அளவு என்ற அடிப்படையே இதில் ஆட்டம் காண்கிறது. ஒரு படி பெரிய ஆயுதத்தைப் பிடிக்கவிடும் மங்கி கிரிப் என்ற திறன் இதன் மேல் ஏறும். பிறகு மனிதனைப் பெரிதாக்கும் மந்திரம்: உயரம் இரு மடங்கு, எடை எட்டு மடங்கு, வலிமையில் 2 கூடுதல், சுறுசுறுப்பில் 2 குறைவு, அணிந்திருப்பதும் கூடவே பெரிதாகும். லார்ஜ் உடலுக்குச் செய்த கவசம் இரு மடங்கு எடை என்கிறது கவச அட்டவணை; உடலோடு சேர்ந்து வளர்ந்த கவசம் எட்டு மடங்கு என்று நினைக்க வைக்கிறது மந்திரத்தின் வாசகம். ஆட்டத்தை நடத்துபவர் இதைத் தோளைக் குலுக்கித் தாண்டிவிடுவார். நிரலுக்குத் தோள் இல்லை. இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும்.

நான்காம் பதிப்பு 2008-இல் ஒன்பதை மீண்டும் ஆறாக்கியது. இதற்குப் பொம்மை வியாபாரம்தான் காரணம் என்ற மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. 2003-இல், 3.5 என்ற திருத்தப் பதிப்பு வந்த அதே ஆண்டில், வண்ணமிட்ட பிளாஸ்டிக் பொம்மைகள் கடைக்கு வந்தன: மீடியத்துக்கு ஓரங்குல அடித்தட்டு, லார்ஜுக்கு இரண்டு, ஹியூஜுக்கு மூன்று. அதே திருத்தத்தில்தான் ஐந்தடி அகலம் பத்தடி நீளம் என்றிருந்த குதிரை பத்துக்குப் பத்து சதுரமாயிற்று. உயிருள்ள குதிரை எதுவும் அந்த வடிவத்தில் இல்லை. கட்டத்தில் வைக்க முடியாத ஃபைனும் டிமினியூட்டிவும், மேசையில் அடங்காத கொலோசலும் போனதற்குப் பொம்மையும் கட்டமும் நல்ல விளக்கம். ஆனால் அது இரு முனைகளுக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் இருந்த ஸ்மால், லார்ஜ், ஹியூஜ் மூன்றும் பெயரோடு தங்கின. அவற்றின் தாக்குதல், தற்காப்புக் கூட்டல்கள் மட்டும் காணாமல் போயின. ஓரங்குலத் தட்டுக்கும் அந்தக் கூட்டல்களுக்கும் தொடர்பே இல்லை. பொம்மை பெயர்களை நீக்கியது. எண்களை நீக்கியது வேறொன்று.

கணக்கப்பிள்ளைதான் இருக்கிறாரே, எண்களை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்கலாம். நான்காம் பதிப்புக்கு விசர்ட்ஸ் தானே ஒரு கதாபாத்திர உருவாக்கியைத் தந்தது என்பது இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. விடை, அந்தக் கணக்கப்பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதில் இருக்கிறது. அக்காலத்து மென்பொருள் பெரும்பாலும் வீட்டுக் கணினியில் ஓடி, அச்சிட்ட ஒரு தாளோடு வேலையை முடித்துக்கொண்டது. பிறந்தது முதல் மாறாத அளவுக்கு அது போதும். அளவு மாறுவதோ ஆட்டத்தின் நடுவில், ஒருவர் மருந்தைக் குடித்ததும். அப்போது தாளில் இருக்கும் தாக்குதல், தற்காப்பு, காயம், மல்லுக்கட்டு, சுமை எல்லாவற்றையும் மற்ற நான்கு பேர் காத்திருக்க, ஒருவர் பென்சிலால் திருத்த வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியாது. இறுதித் தொகையைத்தானே அவர் வாங்கி வந்தார். மென்பொருள் கணக்கை எளிதாக்கிய அளவுக்கு, அது எளிதாக இருக்க முடியாத இடம் வெளிச்சமாயிற்று. வடிவமைப்பாளர்கள் குறைத்தது ஒருமுறை போட்டு மறக்கும் கணக்கை அல்ல. நடுவில் மறுபடி போட வேண்டிய கணக்கை. மூன்றாம் பதிப்பின் வழிவந்த பாத்ஃபைண்டர் 2009-இல் ஒன்பது படிகளையும் கூட்டல்களையும் காத்துக்கொண்டது என்பது உண்மை. அங்கேகூட மல்லுக்கட்டின் நான்கு நான்கை விட்டுவிட்டு, தாக்குதலுக்கு இருந்த 1, 2, 4, 8 என்ற வரிசையையே, திசையை மட்டும் திருப்பி, அதற்கும் வைத்தார்கள். இரண்டு அட்டவணைகள் ஒன்றாயின.

2014-இன் ஐந்தாம் பதிப்பில் அளவுக்கென்று எஞ்சிய வேலைகள் சில: டைனிக்கு இரண்டரை அடி, ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் ஐந்து, லார்ஜுக்குப் பத்து என்று நிற்கும் இடம், மீடியத்துக்கு மேல் படிக்கு இரட்டிக்கும் சுமை, தன்னைவிட ஒரு படிக்கு மேல் பெரியவரைப் பிடிக்க முடியாது என்ற தடை. கனமான ஆயுதத்தை ஸ்மால் கதாபாத்திரம் சரியாக வீச முடியாது என்ற விதியும் இருந்தது. 2024-இன் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அதை அளவிடமிருந்து பறித்து வலிமைக்குக் கொடுத்துவிட்டது: கைகலப்பு ஆயுதம் என்றால் வலிமை 13 இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே புத்தகத்தில் மனித இனத்தைத் தேர்ந்தெடுப்பவர் தன் ஆள் ஸ்மாலா மீடியமா என்று தானே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே கட்டம், ஒரே சுமை. முன்பு இனத்தோடு பூட்டியிருந்த அந்தப் புலம், உருவாக்கும் மென்பொருளில் இப்போது தலைமுடி நிறத்துக்கு அருகில் இன்னொரு தேர்வாக நிற்கிறது. எதிரி இவரைப் பிடித்துத் தூக்க வரும்போது மட்டும் யாராவது அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.