காலியான கிளீனர் சீட்: ஒரு லாரி டிரைவரின் முதல் வருஷம்

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "என் தம்பி ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டான். அடுத்த மாசம் லைனுக்குப் போறான். முதல் வருஷத்தை எப்படித் தாண்டணும்னு யாராவது சொல்லிக் கொடுப்பாங்களா?" இதுதான் கேள்வி.

நேர்மையா சொல்லிடறேன். நான் பகல் முழுக்க கோடு எழுதறவன். கார் ஓட்டும்போதே ரிவர்ஸில் திணறுவேன். ஆனா இந்தக் கேள்வியில் ஒரு வார்த்தை என்னை நிறுத்திடுச்சு: "சொல்லிக் கொடுப்பாங்களா". ஒரு காலத்தில் இதை யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க. சொல்லிக் கொடுக்கற ஆள் பக்கத்து சீட்டிலேயே இருந்தார். அந்த சீட் எப்படிக் காலியாச்சு என்பதுதான் இந்த எபிசோட்.

எங்க பெரியப்பா திருச்செங்கோட்டுக்காரர். 1979இல் பதினாறு வயசில் லாரி ஏறினார். டிரைவராக இல்லை, கிளீனராக. ஸ்டீயரிங்கைக் கையில் கொடுத்தது 1982இல். அவரோட "முதல் வருஷம்" மூணு வருஷம் நடந்தது.

அந்த ஊர்ப் பக்கம் ஏன் இவ்வளவு லாரி என்று முதலில் பார்த்துடலாம். சுதந்திரம் வந்த புதிதில் நாட்டின் சரக்கில் பெரும்பகுதி ரயிலில்தான் போச்சு. லாரி பக்கத்து ஊர்களுக்கான வண்டி. 1950களில் நிலைமை மாற ஆரம்பித்தது. 1954இல் டெல்கோ நிறுவனம் டைம்லர் பென்ஸோடு கைகோத்து லாரி தயாரிக்க ஆரம்பித்தது. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் இன்ஜினும் சேஸியும்தான். கேபினையும் பாடியையும் வெளியில் கட்டணும். மரவேலையும் இரும்பு வேலையும் தெரிந்தவர்கள் அந்தத் தொழிலைப் பிடித்தார்கள். நாமக்கல் அப்படித்தான் லாரி பாடி கட்டும் ஊராச்சு. மானாவாரி நிலம், மழை இல்லை, விவசாயம் கைகொடுக்கலை. இருந்த நிலத்தை அடமானம் வைத்து, நாலு சொந்தக்காரர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவது அந்தப் பக்கம் பழக்கமாச்சு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மூணும் லாரிக்குப் பேர்போன ஊர்களானது இப்படித்தான்.

அடுத்த திருப்பம் 1970களின் நடுவில் வந்த நேஷனல் பர்மிட். அதுக்கு முன்னாடி வெளி மாநிலத்துக்குப் போகணும்னா அந்தந்த மாநிலத்தின் அனுமதி தனித்தனியா வேணும். நேஷனல் பர்மிட் வந்த பிறகு ஒரே பர்மிட்டில் பல மாநிலங்களைத் தாண்டலாம். ஆரம்பத்தில் மாநிலத்துக்கு இத்தனை பர்மிட்தான் என்று எண்ணிக்கை வைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் கொங்குநாட்டு வண்டிகள் "வடக்கு லைன்" ஓட ஆரம்பித்துவிட்டன. போகும்போது தீப்பெட்டி, திரும்பும்போது நாசிக் வெங்காயம். பெரியப்பா ஏறின வண்டி அப்படி ஒரு வண்டி.

இப்போ கேபினுக்குள்ளே போகலாம். இடது பக்கம் உட்கார்ந்திருக்கற பையன்தான் கிளீனர். பேரைக் கேட்டா வண்டி துடைக்கற ஆள்னு தோணும். உண்மையில் அவன் வண்டியின் இன்னொரு ஜோடிக் கண். இடது பக்கம் டிரைவருக்குத் தெரியாது. அங்கே ஒரு சைக்கிள் வந்தா பாடியை ரெண்டு தட்டு தட்டி "ஓல்டான்" என்று கத்தணும். மேட்டில் வண்டி நின்னா குதிச்சு இறங்கி டயருக்குக் கட்டை போடணும். லோடுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுக்கணும். வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் லிவரால டயரைத் தட்டிப் பார்க்கணும். காத்து சரியா இருந்தா ஒரு சத்தம், குறைஞ்சா வேற சத்தம். ராத்திரி டிரைவருக்குக் கண் சொக்காம பேச்சுக் கொடுத்துட்டே வரணும்.

"மொதல் ஆறு மாசம் எனக்குப் புரிஞ்சதெல்லாம் திட்டு மட்டுந்தான் கண்ணு," என்றார் பெரியப்பா. "அப்புறந்தான் தெரிஞ்சுது, வண்டி ஓட்டறது ரெண்டாவது. மொதல்ல வண்டி பேசறதைக் கேக்கக் கத்துக்கோணும்."

இதை நான் ரொமான்டிக்கா சொல்லலை. அடி உண்டு, பட்டினி உண்டு. பதினாறு வயசுப் பையன் டயருக்கடியில் படுத்துத் தூங்கினதும் இதே கதையில்தான் வருது. சம்பளம் என்று பெரிசா ஒண்ணும் இல்லை. சாப்பாடும் கொஞ்சம் பேட்டாவும் கிடைக்கும். ஆனா அந்த மோசமான ஏற்பாட்டுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தெரியாத ஆள் தெரிஞ்ச ஆளுக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உட்கார்ந்து, தப்பு எப்படி நடக்கும்னு பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங் கைக்கு வரும்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அஞ்சு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தா அரை மணி நேரமாவது ஓய்வு. அந்தச் சட்டத்தில் "கிளீனர்" என்ற வார்த்தைகூட இருந்தது, அவனும் தொழிலாளி என்று. கேட்க நல்லா இருக்கா? இப்போ ஒரு இஃப் கண்டிஷன் பாருங்க. அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. கொங்குநாட்டில் பாதி பேர் ஒத்தை வண்டி, ரெண்டு வண்டி ஓனர்கள். பெரியப்பாவின் ஓனருக்கு ஒரே வண்டி. ஒரு டிரைவர், ஒரு கிளீனர். கோடு சரியாத்தான் எழுதியிருந்தது. ஆனா அந்த வரி பெரியப்பாவுக்கு ஒருநாளும் ஓடவே இல்லை.

இன்னொரு விதி இன்னும் சுவாரசியம். 1989இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது ரெண்டு டிரைவர் இருக்கணும் என்றன. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபின் அகலத்துக்கு ஒரு சீட்டும் இருக்கணும், இன்னொரு டிரைவர் கால் நீட்டித் தூங்க. நடைமுறையில் பல வண்டிகளில் அந்த ரெண்டாவது ஆள் யாரு? லைசென்ஸ் வாங்கியும் வாங்காமலும் இருந்த அதே கிளீனர். ராத்திரி காலி ரோட்டில் ஒரு மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கக் கிடைத்தது அப்படித்தான். சட்டப்படி தப்பு. ஆனால் ஒரு தலைமுறை டிரைவர்கள் கத்துக்கிட்டது அங்கேதான்.

அப்புறம் அந்த சீட் காலியாக ஆரம்பித்தது. ஒரே நாளில் நடக்கலை. பவர் ஸ்டீயரிங் வந்தது. ரேடியல் டயர் வந்து பஞ்சர் குறைந்தது. 2001க்குப் பிறகு தங்க நாற்கரச் சாலை வேலைகள், சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர். கன்டெய்னர் வண்டிக்குத் தார்ப்பாய் வேண்டாம். 2017இல் ஜிஎஸ்டி வந்து பல மாநில வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு. கிளீனர் இறங்கி ஓடிச் செய்த வேலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. டீசல் விலையும் டயர் விலையும் ஏறி, வாடகை ஏறாதபோது, ஓனர் முதலில் வெட்டியது அந்தப் பேட்டாவைத்தான். 2018 நவம்பரில் ரெண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். ஒரே டிரைவர் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நான்தான். அந்தப் பக்கத்து லாரிப் பணம் பள்ளிக்கூடமாச்சு, இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. "நம்ம வீட்டுப் பையன் கிளீனரா போகக்கூடாது" என்று பெரியப்பா தலைமுறையே முடிவெடுத்தது. என் முதல் செமஸ்டர் ஃபீஸ் அவர் கட்டினது. சரியான முடிவுதான், நான் மறுக்கலை. ஆனா அவருக்குத் தெரிந்ததை வாங்கிக்க வீட்டில் ஆள் இல்லாம போனதும் அதே முடிவால்தான்.

வேலைகள் போனது சரி. ஆனா கிளீனர் சீட்டில் நடந்த படிப்பும் சேர்ந்து போச்சே, அதை யாரும் கணக்கில் எடுக்கலை. எங்க ஆபீஸில் புதுசா சேர்ந்தவனை முதல் வாரமே தனியா புரொடக்‌ஷனில் கை வைக்க விடமாட்டோம். அவன் தப்பு பண்ணா சர்வர்தான் டவுன் ஆகும். இங்கே இருபது இருபத்தஞ்சு டன் லோடு.

சட்டப்படி இன்றைக்கு வழி இதுதான்: முதலில் கார் லைசென்ஸ், அதை ஒரு வருஷமாவது வைத்திருக்கணும், இருபது வயசு ஆகியிருக்கணும், பயிற்சி, டெஸ்ட். எட்டாம் வகுப்பு படிச்சிருக்கணும் என்ற நிபந்தனையை 2019இல் நீக்கினார்கள். இதையெல்லாம் தாண்டின பையன் தனியா நாக்பூர் போகலாம். பக்கத்தில் மொபைல் ஸ்டாண்ட் மட்டும்.

ஆக, தம்பிக்கு என்ன சொல்றது? பெரியப்பாகிட்டே போன் பண்ணிக் கேட்டேன். அவர் சொன்னதைத் தர்றேன்.

முதல் விஷயம், தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் கணவாய். அங்கே நடந்த விபத்துகள் செய்தியில் பார்த்திருப்பீங்க. டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் இறங்கற பழக்கம் பெரிய காரணம். நியூட்ரலில் போட்டா இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, முழு எடையும் பிரேக் மேலே. தொடர்ந்து மிதிச்சா சூடேறி பிடிமானம் போயிடும். இன்ஜினையே ஆஃப் பண்ணினா இன்னும் மோசம்: ஏர் பிரேக்குக்குக் காத்து ஏத்தற கம்ப்ரஸரும் நிக்கும், பவர் ஸ்டீயரிங்கும் போகும். பெரியப்பா சொல்ற கணக்கு எளிமை: "எந்த கியர்ல ஏறுவியோ, அந்த கியர்ல எறங்கு." லோடைப் பொறுத்து அதைவிடக் குறைந்த கியர்கூட வேணும். கியரை இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், நடுவில் மாத்தக்கூடாது.

ரெண்டாவது, ராத்திரி ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி. உடம்பு தூங்கியே தீரணும்னு கேட்கற நேரம். பாட்டு, டீ, பாக்கு எல்லாம் பத்து நிமிஷ ஏமாத்து. பேச்சுக் கொடுக்க கிளீனர் இல்லாத வண்டியில் ஒரே மருந்து ஓரங்கட்டித் தூங்கறது. ரோட்டோரம் இல்லை, பெட்ரோல் பங்கிலோ லாரிகள் நிற்கும் இடத்திலோ. லேட்டானா ஓனர் திட்டுவார். திட்டட்டும்.

மூணாவது, எடைமேடை ரசீது. ஓவர்லோடு பிடிபட்டா 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஓட்டறவர் பேரும் அந்தச் சட்டப்பிரிவில் இருக்கு. "ஓனர் ஏத்தச் சொன்னார்" என்பது பதில் ஆகாது. எடை போடாம செட்டை விட்டு வெளியே வராதே.

நாலாவது, ஒரு நோட்டு. அட்வான்ஸ், டீசல், பேட்டா, போலீஸ், பஞ்சர், எல்லாம் அன்னன்னைக்கு எழுதணும். நடை முடிஞ்சு கணக்கு பார்க்கும்போது முதல் வருஷத்து டிரைவர் நினைவை நம்பித்தான் ஏமாறுவான்.

அஞ்சாவது, நின்ன இடத்தில் எல்லாம் வண்டியை ஒரு சுத்து சுத்தி வர்றது. கிளீனர் இல்லைன்னா அந்த ஜோடிக் கண்ணும் நீதான்.

சட்டமும் மெல்ல நகருது. 2025 அக்டோபர் 1இலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். 2024 ஜனவரியில் ஹிட் அண்ட் ரன்னுக்குப் பத்து வருஷம் வரை தண்டனை தரும் புதுப் பிரிவை எதிர்த்து டிரைவர்கள் வண்டியை நிறுத்தினதும், அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டதும் தெரிஞ்சிருக்கும். கேபின் குளிர்ந்தது நல்லது. பக்கத்து சீட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் வரலை.

அதனால நேயருக்கு என் பதில் இது. தம்பியோட முதல் ஓனரைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தை ரெண்டாவதா கேளுங்க. முதலில் கேட்க வேண்டியது, "முதல் நாலஞ்சு நடைக்குப் பழைய டிரைவர் ஒருத்தரோட அனுப்புவீங்களா?" என்பதுதான். முடியாதுன்னு சொல்ற இடத்தில் ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெரியப்பாகிட்டே போனை வைக்கறதுக்கு முன்னாடி கேட்டேன், "அந்தப் பையனோட ஒரு நடை போவீங்களா?" அறுபது தாண்டிட்டார், முட்டி வலி. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நம்பரைக் குடு கண்ணு. போக முடியாது. தொப்பூர் எறங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணச் சொல்லு" என்றார்.

நம்பரைக் கொடுத்துட்டேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.