ஆலந்தூர் நகராட்சியும் பாதாளச் சாக்கடையும்

இன்றைக்கு எழுத எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் நாறும். காலை காபியோடு படிப்பவர்கள் டம்ளரைக் காலி செய்துவிட்டு வரலாம்.

ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் எங்கள் பகுதி, 2011 வரை ஆலந்தூர் நகராட்சியின் கீழ் இருந்தது. சென்னைக்கு வாசற்படி மாதிரி. விமான நிலையம் ஒரு பக்கம், பரங்கிமலை ஒரு பக்கம், மின்சார ரயில் நடுவே. 1991 கணக்கெடுப்பில் சுமார் 1.25 லட்சம் பேர், 2001-ல் 1.46 லட்சம் பேர். நங்கநல்லூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருவுக்கு ஒரு கோயிலும் வீட்டுக்கு ஒரு பென்ஷன்தாரரும் உள்ள ஊர். 32 அடி ஆஞ்சநேயருக்கு 1995-ல் கும்பாபிஷேகம் ஆன பிறகு வெளியூர்க்காரர்களும் வந்து குவிந்தார்கள்.

இத்தனை பேர் இருந்த ஊரில் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊர் இது. மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் தண்ணீர் கீழே இறங்காது. மேலே வரும். கிணறும் செப்டிக் டேங்கும் ஒரே அரை கிரவுண்டில் பத்தடி, பதினைந்தடி இடைவெளியில் இருந்தால் கிணற்று நீர் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சமையலறை, குளியலறைத் தண்ணீர் தெருவோரத் திறந்த கால்வாயில் ஓடும், அல்லது ஓடாமல் நிற்கும். கொசுவுக்குக் கொண்டாட்டம்.

டேங்க் நிரம்பினால் தனியார் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் அந்த லாரிக்காரருக்கு இருந்த மவுசு முகூர்த்த நாளில் புரோகிதருக்குக்கூட இருக்காது. நாலு நாள் காத்திருந்து, கேட்ட பணத்தைக் கொடுத்து, வாசலில் நின்று வேலை முடிவதைப் பார்ப்போம். அந்த லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஊருக்கு வெளியே தாழ்வான இடங்களுக்குத்தான் போயிற்று. லாரி வருவதற்கு முந்தைய காலத்தில் இன்னும் கொடுமை. வாளியும் கயிறுமாக ஆட்கள் வருவார்கள், குழிக்குள் ஒருவர் இறங்குவார். விஷவாயு என்று ஒன்று உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இறங்கச் சொன்னோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993-ல் வந்தது. சட்டம் வந்தால் மட்டும் குழி நிரம்பாமல் இருந்துவிடுமா?

தமிழ்நாட்டில் 1986-க்குப் பிறகு பத்து ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு அதிகாரிகள்தான் நகராட்சிகளை நடத்தினார்கள். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1996-ல் தேர்தல் வந்தது. ஆலந்தூரில் தி.மு.க.வின் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரானார். அவருடைய கட்சியைப் பற்றி வாசகர்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம், எனக்கும் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம். பாதாளச் சாக்கடை போட்டே தீருவது என்று அந்த நகராட்சி முடிவெடுத்தது. அதுதான் இங்கே விஷயம்.

திட்டத்தின் மதிப்பு சுமார் 34 கோடி ரூபாய். ஆலந்தூர் மாதிரி ஒரு நகராட்சியின் கையில் அவ்வளவு பணம் ஏது? அரசு நிதி நிறுவனங்கள் கடனும் ஓரளவு மானியமும் தரத் தயாராக இருந்தன. மீதியை மக்களிடமே கேட்பது என்று தீர்மானித்தார்கள். ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் டெபாசிட், வணிக இணைப்புக்கு 10,000. அதற்கு மேல் மாதாமாதம் கட்டணம்.

இன்று 5,000 ரூபாய் என்றால் பேரன் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிடுவான். அன்றைய கணக்கு வேறு. ஐந்தாவது ஊதியக் குழு மத்திய அரசு ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை 1,275 ரூபாய் ஆக்கியிருந்த காலம். குடும்ப ஓய்வூதியம் மட்டும் வாங்கும் ஒரு விதவைக்கு நாலு மாத வருமானம் அது. அதையும் குழாய் போடுவதற்கு முன்பே கட்ட வேண்டும்! ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காத திட்டத்துக்கு முன்பணம்.

எங்கள் பக்கத்துப் பூங்காவில் மாலை வேளையில் கூடுகிற கும்பலில் இதைப் பற்றி நடந்த சண்டை கொஞ்சமல்ல. "வரி கட்டுறோமே, அது எதுக்கு?" என்பார் ஒருவர். "கட்டின காசு திரும்ப வந்தா நான் மொட்டை போட்டுக்கறேன்" என்பார் இன்னொருவர். சொந்த வீட்டுக்காரர் கட்ட வேண்டுமா, வாடகைக்காரர் கட்ட வேண்டுமா என்று ஒரு கிளைச் சண்டை. போன வருஷம்தான் புது செப்டிக் டேங்க் கட்டியவர் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினார். அவர் நியாயம் அவருக்கு.

சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊரில், அரசாங்கம் கேட்கிற பணத்தை யார் நம்புவார்கள்? இதை நகராட்சி புரிந்துகொண்டது என்றுதான் நினைக்கிறேன். முதலில் வீடு வீடாகக் கருத்துக் கேட்டார்கள். சாக்கடை வேண்டும், பணமும் தருகிறோம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அதன் பிறகு தலைவரும் கவுன்சிலர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களைத் தெருத் தெருவாகப் போய்ப் பார்த்தார்கள். வசூலான பணத்தை நகராட்சியின் பொதுச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தார்கள். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் வேலை செய்தது. நான் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். எந்தப் பணம் எந்தத் தலைப்பில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும்.

பணம் வந்தது. ஒரே நாளில் இல்லை, ஒருவர் கட்டியதைப் பார்த்து அடுத்தவர் கட்ட, வரிசை நீண்டது. திட்டச் செலவில் கணிசமான பங்கு மக்களின் டெபாசிட்டாகவே சேர்ந்தது. இந்தியாவில் ஒரு சிறு நகராட்சி இப்படிச் சாக்கடை போட்டது புதுமை என்று, பிறகு உலக வங்கி போன்ற இடங்களில் இதைப் பாடமாக எழுதி வைத்தார்கள்.

வேலை 2000-ல் தொடங்கியது. சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய். நம் ஊர்த் தெருக்களின் அகலம் உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுச் சாம்பார் வாசனை நம் கூடத்துக்கு வரும் அகலம். அதில் ஆளுயரத்துக்கும் மேல் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்க வேண்டும். சமதரையான ஊர் என்பதால் கழிவுநீர் தானாக ஓடக் குழாயைச் சரிவாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். ஓர் அளவுக்கு மேல் ஆழமாகிவிட்டால் பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே ஏற்ற வேண்டும். பள்ளத்துக்குக் குறுக்கே பலகை போட்டு வீட்டுக்குள் போன நாட்கள் உண்டு. ஸ்கூட்டர்களையெல்லாம் தெருமுனையில் நிறுத்தி வைத்தோம்.

பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம். நாளொன்றுக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர் என்று திட்டமிட்டு, முதல் கட்டமாக அதில் பாதி அளவுக்குக் கட்டினார்கள். கட்டும் பணத்தைத் தனியார் நிறுவனமே போட்டுக் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்ப நகராட்சி பணம் தரும். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளால் இந்த ஏற்பாடு இப்போது எல்லோருக்கும் பழக்கம். அன்றைக்குச் சாக்கடைக்கு இப்படி ஒரு ஒப்பந்தமா என்று வேடிக்கையாக இருந்தது.

இடையில் 2001-ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. பூங்காக் கும்பலில் அன்று எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. போட்ட திட்டத்தை அடுத்து வருபவர் கிடப்பில் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் வேலை நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் ரசீது வைத்திருக்கிற திட்டத்தை நிறுத்துவது எந்தக் கட்சிக்கும் எளிதல்ல. அது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மக்களிடம் முன்பணம் வாங்கியதன் இந்தப் பலனை யாராவது முன்கூட்டியே யோசித்திருந்தார்களா, தெரியாது.

இணைப்புகள் ஒன்றொன்றாகக் கொடுக்கப்பட்டன. வீட்டுச் செப்டிக் டேங்கை மண் போட்டு மூடினோம். சிலர் அதன் மேல் துளசி மாடம் வைத்தார்கள், சிலர் கார் நிறுத்தினார்கள். லாரிக்காரர் வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

எல்லாம் தங்கத் தட்டில் வந்ததாக எழுதினால் பொய். குழாய் போட்ட பிறகும் இணைப்பு எடுக்காத வீடுகள் இருந்தன. தோண்டிய சாலைகள் பழைய நிலைக்கு வர நாளாயிற்று. தனி வீடுகள் இருந்த மனைகளில் மூன்று மாடிகள் எழும்பி, ஒரு குடும்பத்தின் கழிவுக்கு எட்டுக் குடும்பத்தின் கழிவு வரத் தொடங்கியது. மேன்ஹோலில் மனிதர் இறங்குவதும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2013-ல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் சென்னையில் அப்படிச் சாவுகள் நடந்தன. செப்டிக் டேங்கை மூடியபோது அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்தோம்.

2011-ல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது நாங்கள் 12-ஆவது மண்டலம். சாக்கடையும் குடிநீரும் மெட்ரோவாட்டர் கைக்குப் போயின. மெட்ரோ ரயிலில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையிலான முதல் பாதை 2015 ஜூன் 29 அன்று திறந்தபோது, எங்கள் ஊர்ப் பெயர் நகரமெங்கும் அறிவிப்புப் பலகைகளில் ஏறியது. பிள்ளைகளுக்கு ஆலந்தூர் என்றால் ரயில் மாறும் இடம். அங்கே தனியாக ஒரு நகராட்சி இருந்ததும், அது நம்மிடம் ஐயாயிரம் ரூபாய் கேட்டு வாசலில் வந்து நின்றதும் அவர்களுக்குத் தெரியாது. டெபாசிட் ரசீதை இன்னும் வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு முறை வந்து பார்க்கிறேன். என்னுடையது வீடு இடித்துக் கட்டியபோது எங்கேயோ போய்விட்டது.