கார்த்திகை தீபமும் கண்வழி ஆட்டோஃபோகஸும்: தேவை எங்கே இருக்கிறது?

படமெடுப்பவர் வ்யூஃபைண்டருக்குள் எதைப் பார்க்கிறாரோ அதன்மேல் ஃபோகஸ் செய்யும் வசதியைக் கேனன் நிறுவனம் 1992இல் ஈஓஎஸ் 5 ஃபிலிம் கேமராவில் தந்தது. அதில் ஐந்து ஃபோகஸ் புள்ளிகள். கேமராவைக் கிடையாகப் பிடித்தால்தான் கண்ணுக்குக் கட்டுப்படும். 1998இல் ஈஓஎஸ் 3 வந்தபோது புள்ளிகள் 45 ஆயின. டிஜிட்டல் எஸ்எல்ஆர் எதிலும் இந்த வசதி இடம்பெறவில்லை. 2021இல் ஆர்3 என்ற மிரர்லெஸ் கேமராவில் மீண்டும் வந்து, 2024இல் ஆர்1, ஆர்5 மார்க் 2 ஆகியவற்றில் தொடர்கிறது. கைவிட்டதை மீண்டும் எடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்க வேண்டும். ‘எவ்வளவு வேகம்’ என்று கேட்பதால் அந்தக் காரணம் பிடிபடாது என்பதே என் வாதம். படமெடுப்பவருக்கு எந்த இடத்தில் தேர்வு தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும். அதைச் சோதிக்கத் திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவை எடுத்துக்கொள்கிறேன்.

வேங்கிக்கால் ஏரிக்கரையிலோ ஆட்சியர் அலுவலகப் பக்கமோ டிரைபாடை ஊன்றி, 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரைத் தீபம் எரிவதை எடுப்பவருக்கு இந்த வசதியால் ஒரு பயனும் இல்லை. லென்ஸை முடிவிலியில் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஏழாம் நாள் தேரோட்டத்திலும் பகல் வெளிச்சம் கைகொடுக்கிறது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து ஏறக்குறைய 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், இரண்டரை மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாமே தெளிவாக விழும். வடம் பிடிப்பவரும் தேரும் பின்னே மலையும் ஒரே படத்தில் அடங்கிவிடுவார்கள். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்த புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் கையாண்ட லைக்காவில் ஆட்டோஃபோகஸே கிடையாது. தூரத்தை முன்கூட்டியே கணித்து வைக்கும் அந்தப் பழக்கம் இன்றும் செல்லும். அதை மறந்துவிட்டு, விலை உயர்ந்த கருவியில் விடை தேடுவது வருத்தத்துக்குரியது.

இரவு உலாவில் நிலைமை அடியோடு மாறுகிறது. மாட வீதியில் பஞ்சமூர்த்திகள் வருகிறார்கள். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, 3 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ.தான், ஒரு முகத்துக்கு மட்டுமே போதும். சட்டகத்துக்குள்ளோ இருபது முகங்கள். எதிரே உள்ளவர்களின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் தொழில்நுட்பம் இன்று பெரும்பாலான கேமராக்களில் உண்டு. கல்யாண வீட்டில் மணமக்களை எடுக்க அது மிகச் சிறப்பாக உதவுகிறது. ஆனால் இந்தக் கூட்டத்தில் நாதஸ்வரக்காரரா, சுவாமி தூக்குபவரா, தந்தையின் தோளில் அமர்ந்த குழந்தையா என்பதைக் கேமரா எப்படி அறியும்? அது முகங்களைக் கண்டுபிடிக்கும். இவர்தான் வேண்டும் என்று நினைக்காது. கட்டைவிரலால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி அவரை எட்டுவதற்குள் அவர் திரும்பிவிடுவார். பார்வை அங்கே ஏற்கெனவே போய்விட்டிருக்கும். கண்வழி ஆட்டோஃபோகஸுக்கு உண்மையான தேவை இங்கேதான் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. பார்வை எப்போதும் நம் சொற்படி நடப்பதில்லை. ஒரு நொடிக்குள் மூன்று நான்கு இடங்களுக்குத் தாவும். ஒரே ஓவியத்தின் முன் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டால் பார்வையின் தடமும் மாறுகிறது என்று ரஷ்ய அறிஞர் ஆல்ஃபிரெட் யார்பஸ் காட்டினார். வேலை தெளிவாக இருந்தால் பார்வை நோக்கத்தைப் பின்பற்றும் என்பது இதிலிருந்து தெரிகிறது. திகைப்பும் பக்தியும் மேலோங்கும்போது? தீபத்தன்று மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வந்து சில நிமிடங்கள் மட்டும் காட்சி தருகிறார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றியதும் மலையுச்சியில் சுடர் தோன்றுகிறது. ‘அரோகரா’ முழக்கத்தோடு எல்லாத் தலைகளும் மலைப்பக்கம் திரும்புகின்றன. படமெடுப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். எடுக்க வேண்டியது அருகில் கைகூப்பி நிற்கும் மூதாட்டியின் முகமாக இருக்க, அவர் கண் சுடருக்குப் போகும். பார்த்ததையெல்லாம் ஆணையாக எடுத்துக்கொள்ளும் கேமரா அந்த நொடியில் முகத்தை இழந்துவிடும். சட்டகத்தின் ஓரங்களைச் சரிபார்ப்பதும் கண்ணின் வேலைதான். ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஃபோகஸ் ஓரத்துக்கு ஓடினால் யாரால் படமெடுக்க முடியும்?

ஃபிலிம் காலத்தில் இந்தச் சிக்கலுக்குப் பாதி விடைதான் இருந்தது. பட்டனை அழுத்தும்போது பார்வை காட்டிய புள்ளி தேர்வாகும். அதன் பிறகு ஆள் நகர்ந்தால் அவரை அடையாளம் கண்டு தொடரும் அறிவு அந்தக் கேமராவுக்கு இல்லை. ஆர்3 செய்தது, பார்வையைச் சுட்டிக்காட்டும் வேலையோடு நிறுத்தியதுதான். கண் ஆளைக் காட்டுகிறது, ஷட்டரைப் பாதி அழுத்தும் விரல் அதை உறுதி செய்கிறது, பிறகு கேமராவே அவரைப் பின்தொடர்கிறது. அழுத்திய விரல் அப்படியே இருக்கும்வரை கண் சுடருக்கோ ஓரத்துக்கோ தாராளமாகப் போகலாம். ஆக, பயன் பெருகியது கண்ணை அளக்கும் நுட்பத்தால் மட்டுமல்ல. அதற்குப் பின்னால் வந்துசேர்ந்த பின்தொடரும் திறனால்தான் என்று நான் கருதுகிறேன்.

இதிலும் உடல் சார்ந்த தடைகள் எஞ்சுகின்றன. வ்யூஃபைண்டரைச் சுற்றியுள்ள சிறு அகச்சிவப்பு விளக்குகளின் ஒளி விழிவெண்படலத்தில் பட்டுத் தெறிக்கிறது. அந்த ஒளிப்புள்ளியும் கண்மணியின் மையமும் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதை வைத்தே பார்வைத் திசை கணக்கிடப்படுகிறது. கண்மணி இருட்டில் விரியும்போது அதன் மையமும் சற்று நகரும். கேமராவுக்கு நம் கண்ணைப் பழக்க உச்சி வெயிலில் செய்த அளவுத்திருத்தம் தீப வேளையில் பிசகுவது அதனால்தான். மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பு இன்னொரு இடையூறு. நாற்பதைக் கடந்து இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் நம் ஊர்களில் இந்தத் தொழிலில் ஏராளம். அவர்கள் இதற்குப் பணம் கொடுக்குமுன், தங்கள் கண்ணாடியோடு, அந்தி வெளிச்சத்தில், நெரிசலான தெருவில் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்து பார்க்க வேண்டும். கடைக்குள் குழல்விளக்கின் கீழ் கிடைக்கும் முடிவை நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.