நோன்பு திறக்கும், விரதம் முடியும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வழியில் இருக்கிறது கெலிஓயா. அங்கே முஸ்லிம்களுக்கும் தோட்டத் தமிழருக்கும் வீட்டுமொழி தமிழ்தான். ஆனால் ஒருவர் நோன்பு பிடிக்கிறார். மற்றவர் விரதம் இருக்கிறார். இரண்டும் ஒன்றே என்று அகராதி சொல்லும். அருகில் வந்து நிற்கும் வினைச்சொல் அதற்கு ஒப்பாது.

நோன்பை விடியுமுன் பிடிக்கிறார்கள். மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் திறக்கிறார்கள், பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக. இந்தத் 'திற' தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. மலையாளத்தில் 'நோம்புதுற', உருதுவில் 'ரோஸா கோல்னா', மலாயில் 'புக்கா புவாசா': எல்லாம் திறப்பதுதான். மலாயின் 'புவாசா'வோ நம் 'உபவாசம்' கடல் கடந்து போன வடிவம்.

விரதத்தை யாரும் திறப்பதில்லை. கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பார்கள், யாழ்ப்பாணத்தில் பிடிக்கவும் செய்வார்கள். ஆனால் இறுதியில் அதை முடிப்பார்கள், அல்லது பாறணை பண்ணுவார்கள். அரசியல் மேடையின் உண்ணாநோன்பு, பெயரில் நோன்பைச் சுமந்தாலும் வினையில் விரதத்தின் பக்கமே நிற்கிறது: அதில் இருப்பார்கள், கைவிடுவார்கள், யாராவது பழச்சாறு கொடுத்து முடித்துவைப்பார்கள்.

'முறி' என்ற வினையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பகலில் தெரிந்தே ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் நோன்பு முறியும். அது பிழை. மாலையில் முறையாகத் திறந்த ஒருவரை, ஆங்கிலச் செய்தியைப் பெயர்ப்பவர் 'நோன்பை முறித்தார்' என்று எழுதினால், நாள் முழுக்கத் தாகம் தாங்கியவர்மீது செய்யாத குற்றம் ஏறிவிடுகிறது.

எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்ற கேள்வி தொல்காப்பியத்திலேயே உண்டு. பலவகை வினைகொள்ளும் பொருள்களுக்குப் பொதுவான ஒரு பெயரை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையோடு முடிக்கலாகாது என்கிறது அதன் கிளவியாக்க இயல். சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்று ஆங்கிலேய மொழியியலாளர் ஃபர்த் எழுதியது 1957இல்.

'நோன்பு பிடித்தேன்' என்று கட்டுரையில் எழுதும் பிள்ளைக்கு 'நோற்றேன்' என்று சிவப்பு மையால் திருத்துவது எனக்கு உடன்பாடில்லை. 'நோற்றல்' அழகான பழஞ்சொல், அதையும் கற்பிக்கலாம். ஆனால் 'பிடித்தேன்' பிழையல்ல. உம்மா விடியுமுன் உண்ணும் சஹருக்கு எழுப்பும்போது அந்தப் பிள்ளை கேட்கும் சொல் அது. அழைப்பிதழ்களில் 'நோன்பு திறப்பு' இருந்த இடத்தில் இப்போது 'இஃப்தார்' என்றே அச்சாவதைக் காணும்போது, அந்தத் 'திற' எத்தனை நாளைக்கு நம்மோடு இருக்கும் என்ற கவலையும் வருகிறது.